மார் கனத்தால் கொடு

நெல்லிவாசல்நாட்டில் மங்கம்மாளைத் தெரியாது என்கிறவன் நேற்றுத்தான் மலை ஏறி வந்தவனாக இருப்பான். எட்டாவதோடு படிப்பை விட்டவள். யார் சிபாரிசும் இல்லாமல் அடிவாரத்து ஆலங்காயத்துக்கு நடந்தே போய் மனுக் கொடுத்து, பிரசவித்த பெண்களையும் பச்சைப் பிள்ளைகளையும் வீடு வீடாகப் பார்க்கிற ஆஷா வேலையை வாங்கினாள். நாலு பெற்றாள். நாலையும் தன் பாலிலேயே வளர்த்தாள். இதை அவளே சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்?

அவள் பால் கொடுத்த விதம் அப்படி. சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பாள். மார் கனத்து ரவிக்கை நனையும். களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். பிள்ளை அப்போதுதான் கண் விழித்திருக்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மாமியார் ஒரு நாள் டப்பா மாவுப்பால் வாங்கி வந்தபோது, மூடியைத் திறக்காமலே வேலிக்கு அப்பால் வீசினவள் அவள்.

வேலைக்கு வந்த பிறகு எல்லாத் தாய்மாருக்கும் அதையே பாடமாகச் சொன்னாள். "மார் கனத்தா குடு. உடம்பே கூப்புடும்." பயிற்சி கொடுத்த நர்ஸம்மா, பிள்ளையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தாள். மங்கம்மாள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். நாலு வளர்த்தவளுக்குத் தெரியாததா?

அன்பரசிக்கு அது தலைப்பிள்ளை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மங்கம்மாள் குழந்தையைத் துணித்தூளியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டாள். பிறந்த அன்றைக்கு இருந்த எடைகூட இல்லை.

"இன்னாடி, புள்ள புளியம்பிஞ்சாட்டம் சுருங்கிக் கெடக்குது? நாளு முச்சூடும் போனப் பாத்துக்கினு கெடக்கறியா?"

அன்பரசி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவள் மாமியார் ஈஸ்வரிதான் இழுத்தாள். "பால் பத்தலன்றா அக்கா. டப்பாப் பால் வாங்கியாரட்டுமா?"

"டப்பாவா? நான் இருக்கிற மலையிலயா? பால் ஊறாத பொம்பளய நான் பாத்ததே இல்ல. எல்லாம் சோம்பேறித்தனம். கொள்ளு ரசம் வெச்சுக் குடு."

சொன்ன சூட்டோடு போய்விட்டாள். ஆனாலும் அந்தப் பிள்ளையின் முகம் மனசைவிட்டுப் போகவில்லை. ஒரு நாள் விட்டு, உச்சி வெயிலில் மறுபடி வந்தாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்காலைச் சுண்டினாள். முனகியதே தவிரக் கண் திறக்கவில்லை. உதடு காய்ந்திருந்தது. இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். நனையவே இல்லை.

"கடைசியா எப்போடி குடுத்த?"

"விடியக்காலைல, அத்த. அப்புறம் மார் கனக்கவே இல்ல."

"புள்ள அழல?"

"மொதல்ல அழுவான். இப்ப அதுவும் இல்ல. மார் கனத்தா குடுன்னு நீங்கதான சொன்னீங்க? எனக்குக் கனக்கறதே இல்ல அத்த. எப்போ கனக்கும், எப்போ கனக்கும்னு ஒக்காந்துக்கினே இருக்கறேன். நான் சோம்பேறியா?"

மங்கம்மாள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். இந்தப் பெண் சோம்பலில் பிள்ளையைப் பட்டினி போடவில்லை. சொன்ன சொல் தவறாமல், வராத கனத்துக்குக் காத்திருந்திருக்கிறாள். குடிக்கக் குடிக்கத்தானே ஊறும்? குடிக்கவே விடாவிட்டால் எங்கிருந்து ஊறும்?

"எழுந்திருடி. கீழ போறோம்."

அன்பரசியின் புருஷன் விஜயராஜ் வாசலில் கையைப் பிசைந்தான். "பஸ்ஸு சாயங்காலம்தான் அத்த. தேவராஜ் ஜீப்புல புளி மூட்ட ஏத்திக்கினு இருக்கான்."

"எறக்கச் சொல்லு."

"யாபாரி என்னைத் திட்டுவான் அக்கா" என்றான் தேவராஜ்.

"மங்கம்மா எறக்குனான்னு சொல்லு. மலையில வந்து என்னைத் திட்டட்டும், பாக்கலாம்." முதல் மூட்டையை அவளே பிடித்து இழுத்தாள்.

வளைவுக்கு வளைவு ஜீப் குலுங்கியது. மங்கம்மாள் குழந்தையின் காலைச் சுண்டி எழுப்பிக்கொண்டே வந்தாள். அன்பரசி பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். ஒவ்வொரு சொட்டுக்கும் அந்தத் தொண்டை அசைகிறதா என்று மங்கம்மாள் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசியெல்லாம் போட்டு முடித்துவிட்டுச் சொன்னாள். "அடிக்கடி எழுப்பி மார்ல போடுங்க. தாய்ப்பால் கூடற வரைக்கும் மாவுப்பாலும் பாலாடையில குடுக்கணும். இப்போ வேற வழியில்ல."

நர்ஸ் மாவுப்பால் ஊற்றிய பாலாடைச் சங்கை நீட்டினாள். அன்பரசி கை நீட்டவில்லை. மங்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை சாகக் கிடக்கிறது, இவள் என் உத்தரவுக்கு நிற்கிறாள்!

பாலாடையைத் தானே வாங்கிக் குழந்தையின் கடைவாயில் சாய்த்தாள்.

"என் ஒடம்பு வேற, உன் ஒடம்பு வேறடி. என் மூஞ்சியப் பாக்காத. புள்ள மூஞ்சியப் பாரு."

குழந்தை விழுங்கியது. இன்னும் கொஞ்சம் விழுங்கியது.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் மங்கம்மாள் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஒரு காலையில் அந்தப் பயல் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. "கத்துடா ராசா, நல்லாக் கத்து" என்று சிரித்தாள். அன்பரசியின் மாரிலும் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. மாவுப்பாலைக் குறைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள்.

திரும்பி மலை ஏறுகையில், பாதி வழியில் மங்கம்மாள் ஜீப்பைத் தட்டினாள்.

"நிறுத்துடா தேவராஜ்."

"வூடு இன்னும் தூரம் இருக்குதே அக்கா."

"தமிழ்மணி பொண்டாட்டி இங்கதான் பெத்துக் கெடக்கறா. அவளுக்கும் அதையேதான் சொல்லி வெச்சிருக்கேன். அதுக்கு மேல இன்னும் ரெண்டு வூடு."

"மழ வருது அக்கா. நாளைக்குப் போலாமே. சொன்ன சொல்ல நீயே மாத்துனா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். நான் சொன்னத மாத்த இந்த மலையில வேற எவளுக்குடா தெகிரியம்?" முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் விறுவிறுவென்று இறங்கினாள்.