பொரியிற போனில கேட்ட ரெண்டு கிற்றார்

அப்பாவின்ர போன் ஒருக்கா வள்ளத்துக்குள்ள நிண்ட தண்ணியில விழுந்தது. துடைச்சு, வெயிலில காயவைச்சு, ஒரு மாதிரி உயிர் வந்திட்டுது. ஆனா அதுக்குப் பிறகு ஆர் எடுத்துக் கதைச்சாலும், பக்கத்தில அப்பளம் பொரிச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரித்தான் கேக்கும்.

அந்தப் போனிலதான் நான் என்ர கிற்றாரைத் தெரிஞ்செடுத்தனான்.

இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது...

எனக்கு அப்ப பதினாறு வயசு. பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வீட்டில இருந்து தைச்சுக்கொண்டிருந்தன். சேர்ச்சில ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாட்டுக்குழுவில நிப்பன். நிக்கிறது மட்டும்தான். வாய் அசையும், சத்தம் வராது. அதைக் கண்டுபிடிச்ச, எங்களுக்குப் பாட்டுப் பழக்கிற சிஸ்டர் ஒரு நாள் தன்ர கிற்றாரைத் தூக்கி என்ர மடியில வைச்சா. "பாட வெக்கமெண்டால் இதை வாசியும்."

நாலைஞ்சு பாட்டுக்கு வாசிக்கப் பழகியிருப்பன். அதுக்குள்ள சிஸ்டருக்கு வேற ஊருக்கு மாற்றம் வந்திட்டுது. கிற்றாரும் அவாவோட போயிட்டுது. அடுத்த ஞாயிறு வெறுங்கையோட நிக்கேக்க, கையை எங்க வைக்கிறதெண்டே தெரியேல்லை எனக்கு.

மச்சாள்தான், அதாவது அண்ணாவின்ர மனுசி, தன்ர சிநேகிதியின்ர போனில, பேஸ்புக்கில அந்த விளம்பரத்தைக் கண்டவா. வவுனியாவில ஒரு அண்ணா வெளிநாடு போறாராம், ரெண்டு கிற்றார் விக்கிறாராம். ஒண்டு கறுப்பு, பளபளவெண்டு புதுசு மாதிரி. மற்றது பழுப்பு, கொஞ்சம் சின்னன், விளிம்பில ஒரு கீறல்.

நான் தைச்சுச் சேர்த்ததோட அப்பாவும் கொஞ்சம் போடச் சம்மதிச்சார். ஆனா முதலே சொல்லிப்போட்டார். "ஒண்டுதான் பிள்ளை. பிறகு இது சரியில்லை எண்டு அழக்கூடாது."

போய்ப் பாக்க வழியில்லை. மீன் நல்லாப் படுற நேரம், அப்பா கரையில நிக்க மாட்டார். அந்த அண்ணாவும் அந்தக் கிழமையே பறக்கிறார். எதெண்டு சொன்னால் முல்லைத்தீவு பஸ்ஸில ஏத்தி விடுறன் எண்டார்.

மச்சாள் அப்பாவின்ர போனில எடுத்து, "தம்பி, ரெண்டையும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுவீங்களோ, பிள்ளை கேக்கட்டும்" எண்டு கேட்டா. குசினி மேசையில போனை வைச்சு எல்லாரும் சுத்தி நிண்டம். அவர் ஒண்டை வாசிச்சார். பிறகு மற்றதை வாசிச்சார்.

ரெண்டும் அப்பளம்.

"முதலாவது நல்லா இருக்கு" எண்டார் அப்பா.

"மாமா, அது ரெண்டாவது. முதலாவது வாசிக்கேக்க நீங்கள் இருமிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

அம்மா தேங்காய் திருவிக்கொண்டே சொன்னா, "எல்லாம் ஒரு சத்தம்தான். கறுப்பை எடு. ஊத்தை தெரியாது."

மச்சாள் யோசிச்சுச் சொல்லுறம் எண்டு சொல்லிப்போட்டுப் போனை மேசையிலயே விட்டிட்டா. கொஞ்ச நேரத்தால பாத்தால், மேசையில இருந்து திரும்பவும் கிற்றார் சத்தம் வருது. அந்த அண்ணாவும் போனைக் கட் பண்ணேல்லை, நாங்களும் பண்ணேல்லை.

இப்ப அவர் ஆருக்கும் வாசிச்சுக் காட்டேல்லை. பாட்டும் இல்லை. மெல்ல... நிப்பாட்டி... திரும்பவும் அதையே... தனக்காக வாசிக்கிறார். அந்தப் பொரியல் சத்தம் இருந்ததுதான், ஆனா ஒருத்தருக்கும் அது கேக்கேல்லை. அம்மா திருவுறதை நிப்பாட்டினா.

பிறகு லைன் கட்டாயிட்டுது.

"அதுதான் எனக்கு வேணும்" எண்டன்.

"எதடி? கறுப்போ, பழுப்போ?" எண்டா மச்சாள்.

ஒருத்தருக்கும் தெரியாது. மச்சாள் போனை என்ர கையில திணிச்சா. "உனக்குத்தானே கிற்றார், நீயே கேள். அந்தத் தம்பி போனுக்குள்ளால வந்து கடிக்காது."

தெரியாத ஒரு ஆளுக்கு நான் போன் எடுத்தது அதுதான் முதல் தடவை. கிணத்தடிக்குப் போய் நிண்டு எடுத்தன்.

"அண்ணா... கடைசியா வாசிச்சது எது?"

"எப்ப?"

"கதைச்சு முடிச்ச பிறகு."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஐயோ தங்கச்சி, அதையும் கேட்டுக்கொண்டா இருந்தனீங்கள்? அது விக்கிறதில்லை. மூண்டாவது. நான் கொண்டுபோறது."

வெக்கத்தில கட் பண்ணுவம் எண்டு விரலையும் கொண்டுபோனன். ஆனா கட் பண்ணினால் கறுப்பும் பழுப்பும் பழையபடி அப்பளம்தான்... எங்க இருந்து வந்ததோ தெரியேல்லை, வாய் தன்பாட்டில கேட்டுது.

"அப்ப மற்ற ரெண்டில... எதைக் குடுக்க உங்களுக்குக் கவலை?"

பொரியிற சத்தத்துக்குள்ளால, ஒரு கம்பியை மெல்லத் தட்டுற சத்தம் கேட்டுது.

"பழுப்பு" எண்டார். பிறகு அவசரமா, "ஆனா தங்கச்சி, கறுப்புத்தான் வடிவு. எல்லாரும் அதைத்தான் கேக்கினம்."

"எனக்குப் பழுப்பைத் தாங்கோ அண்ணா."

ரெண்டு நாளால பஸ்ஸில வந்துது. பூப்போட்ட பெட்சீற் ஒண்டால சுத்தி, குழந்தைப் பிள்ளை மாதிரி. கொண்டக்டரும் ரெண்டு கையாலதான் தூக்கித் தந்தார். அண்டைக்குக் கேட்ட மாதிரிச் சத்தம் அதில வரேல்லை. வராதுதானே, கிற்றாரும் வேற, கையும் வேற. ஆனா இண்டைவரைக்கும் நான் அழேல்லை.

இப்ப அப்பாவிட்ட நல்ல போன். பக்கத்து வீட்டுக்காரர் கதைக்கிறது மாதிரித் தெளிவாக் கேக்கும். போன மாதம் கிற்றாருக்குக் கம்பி வாங்க மச்சாளோட கிளிநொச்சிக்குப் போனன். கடை முழுக்கக் கிற்றார் தொங்குது. "எது வேணுமெண்டாலும் எடுத்து வாசிச்சுப் பாருங்கோ" எண்டார் கடைக்காரர். அஞ்சு கிற்றார் வாசிச்சன். அதில ஒரு கறுப்பு... உண்மையைச் சொன்னால், என்ரயை விட நல்ல சத்தம்.

மச்சாள் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டா. "என்னடி, அப்ப பிழையா எடுத்திட்டம் எண்டு யோசிக்கிறியோ?"

"இல்லை மச்சாள். இப்ப இதில ஒண்டை எடு எண்டு சொன்னால் எனக்கு எடுக்கத் தெரியாது."

"ஏன், அஞ்சையும் வாசிச்சிட்டாய்தானே?"

வாசிச்சன்தான். ஆனா அந்தக் கடைக்காரருக்கு அஞ்சில எதைக் குடுக்கவும் கவலை இல்லை.

கம்பியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினம்.