எங்கள் பங்க் படமும் மாமாவின் கல்யாணக் கேமராவும்

மாமாவின் கேமராவில், மைக் வயர் செருகும் துளையில் எப்போதும் ஒரு வெறும் பின் சொருகியிருக்கும். வயரை அறுத்துவிட்டுப் பின்னை மட்டும் வைத்திருந்தார். கேமராவைத் தோளில் ஏற்றும்போது அது அவர் காதோரம் கம்மல் மாதிரி மின்னும். துளைக்குள் தூசி போகாமலிருக்க வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் வீடியோ கடை வைத்திருந்தார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றாலும் அவர்தான். கேசட்டில் மணமகளை ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வரவழைப்பார். மாப்பிள்ளையை இதயத்துக்குள் சுழலவிடுவார். தங்கமான மனுஷர். அதுதான் எனக்குப் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் திட்டித் தீர்த்திருப்பேன். இத்தனை வருஷம் வயிற்றெரிச்சலைச் சுமந்திருக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்லூரியில் இருந்தேன். ஊருக்குத் தெற்கே ஒரு திரைப்படக் கழகத்தில், பங்க் என்கிற முரட்டு ராக் இசைக்குழுக்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போட்டார்கள். எங்கோ ஒரு துறைமுக நகரம். வேலையில்லாத பையன்கள், கிழிந்த சட்டை, ஒழுங்காக வாசிக்கத் தெரியாத கிடார். படம் ஆடியது, மங்கியது, பாதி நேரம் யார் முகமும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சத்தம்! பஸ் பிடித்து வீடு வந்து படுத்த பிறகும் காதுக்குள் இரைந்துகொண்டே இருந்தது. இதே மாதிரிப் பையன்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள், அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

'தூசி' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்ட நாலு பேர் குழு. ஒருவன் ரயில்வே குடியிருப்பிலிருந்து கிடாரோடு வருவான். டிரம்ஸ்காரன் சாவு மேளம் அடித்துப் பழகியவன். கச்சேரிக்கு எந்தச் சபாவும் இடம் தராது. தெருக் கோயில் திருவிழாவில்கூட மெல்லிசைக் குழுவைத்தான் கூப்பிடுவார்கள். பாடகன் எண்ணூர்க்காரன். கெமிக்கல் ஃபேக்டரியில் பவுடர் மூட்டை தூக்கியே நெஞ்சு கெட்டு, இருமி இருமிச் செத்த அப்பாவை அந்த வருஷம்தான் மூலக்கொத்தளத்தில் புதைத்திருந்தான். அப்பாவுக்காக ஒரு பாட்டு கட்டியிருந்தான். எழுதி வைக்கிற பழக்கமெல்லாம் கிடையாது, மேடையில் வாய்க்கு வந்ததுதான். அடுத்த வாரம் அவன் கப்பல் வேலைக்குப் போகப்போகிறான். ஆகவே அந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான், காசிமேட்டில் மூடிக்கிடந்த ஓர் ஐஸ் ஃபேக்டரியில், அந்தப் பாட்டை எடுக்க முடியும்.

நான் கேட்டதும் மாமா வந்துவிட்டார். முகூர்த்த நாளில்லை என்பது ஒரு காரணம், நான் அக்கா பெண் என்பது இன்னொன்று. படம் ஆடினாலும் மங்கினாலும் பரவாயில்லை என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பாப்பா, மாமன் எடுத்தா ஆடுமா?" என்றார். ஆடவில்லை. வியர்வை சொட்டச் சொட்ட, பையன்கள் மேலே வந்து விழ விழ, மனுஷர் அசையாமல் எடுத்தார். பாடகன் பாடினான் என்று சொல்ல முடியாது. கத்தினான், திட்டினான், அழுதான். அப்பாவின் இருமல்தான் பல்லவி. முதல் தடவை அவன் தனியாக இருமினான். இரண்டாவது தடவை கூட்டத்தில் சிலர் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஃபேக்டரி முழுக்க அத்தனை பேரும் குனிந்து இருமினார்கள். எல்லார் வீட்டிலும் அப்படி ஓர் இருமல் இருந்தது.

நான் கேட்காமலே மாமா எடிட் செய்து கொண்டுவந்தார், ஆசையாக. வீட்டு டிவியில் போட்டார். பூமழை கொட்டியது. பாடகனின் முகம் இதயத்துக்குள் சுழன்றது. அவன் வாய் பிளந்து கத்த, பின்னால் புல்லாங்குழலோடு ஒரு காதல் டூயட் குழைந்தது. "மாமா, அவங்க சவுண்டு எங்க?" என்றேன். "அத்த யாரு கேப்பா? ஒரே இரைச்சலு. நல்ல பாட்டா போட்டுக்கீறேன் பாரு" என்றார். எடிட் செய்யாத கேசட்டைக் கேட்டு வாங்கி ஓட்டினேன். அதிலும் சத்தம் இல்லை. துளையில் அந்தப் பின் சொருகியிருந்தால் கேமராவுக்குள் இருக்கும் மைக் வேலை செய்யாதாம்.

காரணத்தையும் சொன்னார். ஒரு கல்யாணத்தில், நகை மட்டமாக இருக்கிறதென்று மாப்பிள்ளையின் அத்தை முணுமுணுத்தது கேசட்டில் பதிந்துபோயிற்று. சம்பந்திகள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்க்கும்போது அது கணீரென்று கேட்டு, அடிதடியாகி, பெண் தாய் வீட்டுக்கே திரும்பிவிட்டாளாம். "அன்னிலேந்து பின்னை எடுக்கிறதே இல்ல பாப்பா. மூஞ்சி போதும். பேச்சு பேஜாரு" என்றார். அவர் நியாயம் அவருக்கு. சத்தத்தையும் பதியுங்கள் என்று பாட்டுக் கச்சேரிக்கு வருகிறவரிடம் சொல்ல வேண்டுமா? சோறு தின்கிறவனிடம் வாயைத் திற என்று யாராவது சொல்வார்களா? அன்றைக்கு நான் கத்திய கத்தலில் அவர் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்ததும், முழுசாகக் கோபப்படவும் முடியவில்லையே என்று இன்னும் எரிச்சலானது. பாடகன் அதற்குள் கப்பலேறிவிட்டிருந்தான். ஆவணப்படம் அத்தோடு நின்றது.

மாமா இறந்து சில வருஷமாகிறது. கடைசிவரை எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "உன் படத்துல எல்லா மூஞ்சியும் பளிச்சினு வந்துச்சே பாப்பா" என்பார். ஆமாம் மாமா என்பேன்.

கப்பல் வேலையை விட்டு இப்போது எண்ணூரில் கடை வைத்திருக்கும் பாடகன் போன மாதம் மகளோடு வீட்டுக்கு வந்தான். பத்தாவது படிக்கிறாள். அப்பா பாடினதைப் பார்க்க வேண்டுமாம். எடிட் செய்யாததைத்தான் போட்டேன். வால்யூமைக் கடைசிவரை ஏற்றிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. "இன்னாப்பா பாடுறே?" என்று கேட்டாள். அவன் திரையிலிருந்த தன் வாயைப் பார்த்து இரண்டு வரி முனகினான், மூன்றாவது வரவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதற்குள் திரையில் ஃபேக்டரி முழுக்க அத்தனை பேரும் குனிந்து, வாயைப் பொத்தித் தோள் குலுங்க நின்றார்கள்.

"எல்லாரும் இன்னாத்துக்குப்பா இப்டி சிரிக்கிறாங்க?" என்றாள்.

"சிரிக்கல கண்ணு. இருமறாங்க. உன் தாத்தாவுக்கோசரம்."

அவள் மறுபடியும் உற்றுப் பார்த்தாள். "போப்பா, சிரிக்கிறாங்க" என்றாள்.