அண்ணன் கண்டுபிடித்த நீலம்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், ஜெபத்துக்கும் சாப்பாட்டுக்கும் வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றித் தங்கையான என்னை நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். கூடவே என் மனதிலிருக்கும் பயத்தையும் எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்காமல் யாரும் வாசலில் நிற்கும் லாரியில் ஏற வேண்டாம்.

அண்ணன் பிறந்தது ஆறுமுகநேரியில். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. உப்பளத்திலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு உப்பு ஏற்றுவார். அண்ணன் பத்தாவது படிக்கும்போது, அப்பா அந்த லாரியோடு சாலையை விட்டு இறங்கி உப்பளத்து ஓடையில் விழுந்தார். முழங்காலளவு தண்ணீர்தான். அதில் மூழ்கி இறந்தார் என்று சொன்னபோது ஊரில் யாரும் நம்பவில்லை. லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டார்கள். பிறகு அதை யாரும் தொடவில்லை.

அண்ணன் படிப்பை விட்டுவிட்டு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். பிறகு துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்துக் குடும்பத்தைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். லாரியும் கூடவே வந்தது. என்னை நாசரேத்தில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்து, கணக்கு டீச்சராக்கி, கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அந்தக் கடனை நான் எந்த ஜென்மத்திலும் தீர்க்க முடியாது. அவருக்கு ஒரே ஒரு வீம்பு உண்டு. எதையும் ஏறக்குறைய என்று செய்ய மாட்டார். என் கல்யாணப் பந்தலில் தோரணம் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதென்று, பாதிரியார் பைபிளைத் திறந்த நேரத்தில் ஏணி கேட்டவர் அவர்.

ஓய்வு பெற்றதும் அப்பாவின் லாரியைப் பழையபடி ஆக்கப் போகிறேன் என்று உட்கார்ந்தார். கேபினும் பாடியும் சுலபமாக முடிந்தன. எஞ்சின் கலரில்தான் மாட்டிக்கொண்டார். மேலே அப்பா பூசிய சாம்பல் நிறம் தடிப்பாக இருந்தது. அதைச் சுரண்டினால் ஒரு நீலம். நீலத்துக்கு அடியில், துருப் பிடிக்காமலிருக்க இரும்பில் முதலில் பூசும் சிவப்பு ரெட் ஆக்சைடு. “ரெட் ஆக்சைடு வந்துட்டுன்னா அடி வந்துட்டு. கம்பெனி கலரு இந்த நீலந்தான்” என்றார். லாரிப் பட்டறையில் அதுதான் கணக்கு.

பெயிண்டுக் கடையில் கம்ப்யூட்டர் வைத்துக் கலந்து கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தானே கலந்தார். சூடு படாத இடமாகப் பார்த்து, எஞ்சின் நம்பர் தகட்டின் ஓரத்திலிருந்து ஒரு பெயிண்டுச் செதிலை எடுத்து, மண்ணெண்ணெயில் துடைத்து, காலை வெயிலில் வைத்துப் பார்ப்பார். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் ஏமாற்றும் என்பார். கலந்ததைப் பவுடர் டப்பா மூடியில் பூசி, அடுப்பில் காட்டிச் சுட வைப்பார். எஞ்சின் சூட்டில் நிறம் எப்படி மாறும் என்று தெரிய வேண்டுமாம். மூடிகளைக் கம்பியில் கோத்து ஷெட் வாசலில் தொங்கவிட்டிருந்தார். கடலிலிருந்து வரும் கொண்டல் காற்றில் அவை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. ஒருநாள் செதிலை மூடியின் மேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எது செதில், எது மூடி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. எஞ்சின் முழுக்க அந்த நீலத்தை அடித்தார்.

திரேஸ்புரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் உண்டு. அன்றைக்குச் சாளை கொடுக்க வந்தவர், திறந்திருந்த ஷெட்டைப் பார்த்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டார்.

“அண்ணாச்சி, இந்தக் கலரு ஒங்களுக்கு எங்கன கெடச்சிது?”

“வண்டிக் கம்பெனி கலரும்மா.”

“இல்ல அண்ணாச்சி. இது எங்க அண்ணனோட போட்டு கலருலா, கடலுக்குப் போன போட்டு. அவன் கையால கலந்தது. போட்டுக்கு அடிச்ச மிச்சத்த எஞ்சினுக்கும் பூசுவான். பம்புக்குக் கீழ ஒரு சிலுவ கொத்தியிருப்பான், தடவிப் பாருங்க.”

அண்ணன் தடவிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் பள்ளமாக ஏதோ இருந்ததையும், வார்ப்புக் குறை என்று நினைத்துத் தானே பட்டி வைத்து மூடியதையும் அப்போதுதான் சொன்னார். பட்டியைச் சுரண்டினார். சிலுவை இருந்தது.

அந்த அம்மாவின் அண்ணன் சங்கு குளிக்க ஆள் ஏற்றிப் போனவர். போட்டு மூழ்கியதில் யாருமே கரைக்கு வரவில்லை. பல மாதம் கழித்துச் சங்கு குளிக்கிற வேறு ஆட்கள் எஞ்சினை மட்டும் மேலே எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டார்கள். அதைத்தான் அப்பா வாங்கித் தன் லாரியில் மாட்டியிருக்கிறார். எங்கள் ஊரில் லாரி எஞ்சின் போட்டுக்குப் போவது சாதாரணம். போட்டிலிருந்து லாரிக்குத் திரும்பி வருவது இல்லை. போட்டுக்காரர் உப்புக்காற்றுக்காக ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறார். நிஜமான கம்பெனி கலர் அதற்கும் அடியில் இருந்தது. அண்ணன் பிறகு சுரண்டிப் பார்த்தார். வெளிறிய பச்சை.

“கலர மாத்திருங்க அண்ணாச்சி. மாத்துத வரைக்கும் கடல் பக்கம் மட்டும் கொண்டு போவாதிய” என்று கேட்டுக்கொண்டு அந்த அம்மா போனார். அன்று அவர் எங்களிடம் மீனுக்குக் காசு வாங்கவில்லை.

அண்ணன் பச்சை பெயிண்டு வாங்கி வைத்தார். டப்பாவைத் திறக்கவில்லை. நான் சண்டை போட்டேன். “இம்புட்டுப் பாடுபட்டு எடுத்த கலரு, கொஞ்ச நாள் கண்ணால பாத்துக்கிடுதேனே” என்றார். போன வருடம் ஒரு காலையில், ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று வண்டியை எடுத்தார். கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில் கண்டுபிடித்தார்கள். முன்சக்கரங்கள் தண்ணீரில் நின்றன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இறந்து போயிருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். இருக்கலாம். நான் பேய்க்கதை நம்புகிறவள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு ஆண்கள் இருவரை அந்த எஞ்சின் தண்ணீருக்குக் கொண்டு போயிருக்கிறது.

அடக்கம் முடிந்த மறு வாரம், ஆள் வைத்து அந்தப் பச்சையை அடிக்கச் சொன்னேன். காய்ந்ததும் தோல் தோலாக உரிந்து நீலம் வெளியே வந்துவிட்டது. “சரியா தேய்க்காம அடிச்சா உரியத்தான் செய்யும் அத்தை. இது அப்பா எடுத்த கலரு, இருக்கட்டும்” என்றான் அண்ணன் மகன். இன்று ஜெபம் முடிந்ததும் சொந்தக்காரர்களை அந்த லாரியில் ஏற்றிக் கல்லறைக்கும், அங்கிருந்து கடற்கரைக்கும் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த மலரை அச்சுக்குக் கொடுப்பதும் அவன்தான். நான் இதுவரை எழுதியதைப் படித்தான், ஒரு வரியையும் வெட்டவில்லை. “அத்தைக்குப் பயம்” என்று சிரித்தான். அண்ணனின் அதே சிரிப்பு.

துக்கத்தில் தோள் கொடுத்த சபையாருக்கும், துறைமுகத்து நண்பர்களுக்கும், கடற்கரையிலிருந்து அண்ணனைத் தூக்கி வந்த திரேஸ்புரத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களிடம் இன்னும் ஒரு உதவி கேட்கிறேன். சாப்பிட்டு எழுந்ததும் நான் போய் அந்த லாரிக்கு முன்னால் நிற்பேன். மீன்கார அம்மாவும் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு கிழவிகளை விலக்கிவிட்டு அவன் வண்டியை எடுத்துவிடுவான். தயவுசெய்து நீங்களும் வந்து நில்லுங்கள்.