என் கையில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்

ஸ்டெல்லா போயிட்டாங்க... காலையில் அவர் மகள் போன் பண்ணிச் சொன்னார். ஹார்ட் அட்டாக். கேட்டதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான் ஃபிட்டர், அவர் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஜப்பான் மெஷினோடு வந்த ஜப்பான் மொழி மேனுவலை, டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு தானாகவே படிக்கக் கற்றவர்.

என் தங்கச்சி வசந்தி மஞ்சள்காமாலையில் இறந்து அப்போது ஒரு வருஷம். வீட்டில் அவள் பேரை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அம்மா ரெண்டு நாள் சாப்பிட மாட்டார்.

எனக்கோ அவள் பேரைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும்... தமிழில் குத்தினால் அம்மா படித்துவிடுவாரே.

சரி, ஜப்பான் எழுத்து. மெஷின் மூடியில் ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தது. அதையே பேப்பரில் வரைந்துகொண்டு ஸ்டெல்லாவிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க முருகேசு, இது எண்ணெய்ங்க! எண்ணெய் ஊத்தற எடம். ஆயுசுக்கும் கையில எண்ணெய்னு எழுதிட்டுத் திரியப் போறீங்களா?"

ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். எனக்குச் சுர்ரென்று கோபம். "செத்துப்போன தங்கச்சிக்குங்க" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் டிக்‌ஷனரியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அழகு என்று ஒரு எழுத்து, தங்கை என்று ஒன்று... "தங்கச்சி எல்லார்த்துக்கும் இருக்குதுங்க" என்று அவரே அடித்துவிட்டார். கடைசியில் வசந்தம். "அம்மணி பேரே இதானுங்களே."

உடனே குத்த விடவில்லை. ஒரு மாசம், தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் என் மணிக்கட்டில் பேனாவால் எழுதிவிடுவார். "வேண்டாம்னு தோணுச்சுன்னா இப்பவே கழுவிப்போடுங்க. அப்புறம் முடியாது."

எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

ஆடியில் அந்தியூர் திருவிழாவுக்குக் கிளம்பினேன், அங்கே பச்சை குத்துகிறவர்கள் வருவார்கள். மணிக்கட்டிலேயே மார்க்கரில் பெரிதாக எழுதி அனுப்பினார். "குத்தறவர் அவரா வரைய வேண்டாம், இதும் மேலயே குத்தச் சொல்லுங்க. ஒரு கோடு மாறினாலும் வேற எழுத்துங்க."

ஈரோட்டில் பஸ் மாறும்போது மழை! கையைப் பாலிதீன் கவருக்குள் விட்டு, அடிபட்டவன் மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து, அந்தக் கோட்டின் மேலேயே குத்திக்கொண்டேன்.

அம்மாவிடம் கம்பெனி முத்திரை என்று புளுகினேன். நம்பினார்... அப்படித்தான் நினைத்தேன்.

ரெண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு ஸ்டெல்லா வந்தார். அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "ஏனம்மணி, இவன் கையில இருக்கறது என்னதான் எழுத்து?" என்று கேட்டுவிட்டார்.

வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். ஸ்டெல்லாவுக்குப் பொய் சொல்ல வராது.

"வசந்தம்ங்கம்மா."

அம்மா என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் அதைத் தடவி, "வசந்தி" என்றார். மூணு வருஷத்தில் முதல் தடவை.

அழுதார். ஸ்டெல்லாவும் அழுதார். அப்புறம் ரெண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஸ்டெல்லா இடதுகைக்காரர்.

போயிட்டு வாங்க ஸ்டெல்லா... உங்க கையெழுத்து என்கிட்டப் பத்திரமா இருக்குதுங்க.