பன்றி வேட்டைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

"பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வர, பேரங்காடி இல்லாத இடம் ஏதாவது மிச்சமிருக்கிறதா?" என்று இந்த வலைப்பதிவின் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் தேடித்தான் போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உலு சிலாங்கூர் காட்டோரம் போனேன். கிள்ளானில் ஒரு டயர் கடையின் மாடியில் வேட்டை, மீன்பிடி, வெளிப்புற விளையாட்டுக் கழகம் ஒன்று இருக்கிறது. பெயர் நீளம், பலகை சிறியது. மாதம் ஒருமுறை காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறார்கள். விருந்தினர் ஒருவரைக் கூட்டிப்போக விதியில் இடமுண்டு. பதினான்கு உறுப்பினர்கள், இரண்டு துப்பாக்கிகள், ஐந்து நாய்கள். சந்தா பாக்கி இல்லாதவை நாய்கள் மட்டுமே.

காலை 5.50க்குக் காரை எடுத்தேன். கிள்ளான் 34 கிலோமீட்டர், 40 நிமிடம், கூட்டரசு நெடுஞ்சாலையில் டோல் இல்லை. சாப்பாட்டுக் கடையில் தோசை இரண்டு, தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) ஒன்று, 6 ரிங்கிட் 40 சென். சாப்பிட்டு முடித்ததும் கழகச் செயலாளர் முகுந்தன் ஒரு பிஸ்கட் டின்னோடு மேசை மேசையாக வந்து எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"யாராச்சும் படம் எடுத்துப் போட்டா பிரச்சினை லா, பாஸ்" என்றார்.

வேட்டைக்காரர்கள் படத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்? '6.52, கைப்பேசி பறிமுதல்' என்று நோட்டில் குறித்தேன்.

"என்ன பாஸ் எழுதுறீங்க?"

"தோசை விலை."

அவர் துப்பாக்கிக்காரர்களில் ஒருவரான ஆ சோங்கைப் பார்த்தார். ஆ சோங் தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த சீனர், என்னைவிட நல்ல தமிழ் பேசுபவர். அவர் பதிலுக்கு முகுந்தனைப் பார்த்தார். அந்தப் பார்வையையும் குறித்துக்கொண்டேன்.

என் காரை அங்கேயே விட்டுவிட்டு, முகுந்தனின் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் 91 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பெட்ரோலுக்கு என் பங்கு 25 ரிங்கிட். வழியில் என் வேலை பற்றி மூன்று முறை கேட்டார். பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன் என்று மூன்று முறையும் சொன்னேன்.

"கவர்மென்ட் பாடநூலா?"

"ஆமாம்."

அதன்பிறகு அவர் வேக வரம்பைத் தாண்டவே இல்லை. பெட்ரோல் நிலையத்தில் நான் கழிவறை போய் வருவதற்குள் மூன்று பேர் நாய் லோரிக்குப் பின்னால் நின்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பன்றிதான் வேட்டையா, அல்லது பன்றியின் பெயரால் வேறு ஏதாவதா? லோரியின் எண்ணைக் குறித்தேன். குறிப்பதை அவர்கள் பார்த்தார்கள்.

9.05க்குச் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இறங்கினோம். எங்களை அழைத்திருந்த அஞ்சலை அக்கா காத்திருந்தார். குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறார். மூன்று வாரத்தில் பாதியைப் பன்றிகள் தோண்டிவிட்டன.

"மிச்சம் பதினோரு வரிசைதான் இருக்கு. அடுத்த வாரம் கிழங்கு ஏத்த லோரி வருது. இன்னிக்கு விட்டா நீங்க அடுத்த மாசம்தான் வருவீங்க. அப்ப வந்து வெறும் குழியத்தான் சுடணும்" என்றார்.

உடனே காட்டுக்குள் இறங்குவார்கள் என்று நினைத்தேன். இறங்கவில்லை. முகுந்தன் ஒரு கோப்பைத் திறந்தார். துப்பாக்கி உரிமங்கள், வனவிலங்கு உரிமம், அக்காவின் அனுமதிக் கடிதம் மூன்று பிரதிகள். ஆ சோங் பாதுகாப்பு விதிகளை மலாயில் உரக்க வாசித்தார். உறுப்பினர்கள் பள்ளிக்கூடச் சபைகூடல்போல நேராக நின்றார்கள். நாயின் தடுப்பூசி அட்டையை நான் கேட்கவே இல்லை. ஐந்தையும் காட்டினார்கள். இத்தனை காகிதம் காட்டுகிறவர்கள் ஏதோ ஒரு காகிதத்தை மறைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அதையும் எழுதினேன். நான் எழுத எழுத அவர்கள் இன்னும் நேராக நின்றார்கள்.

10.25க்குக் கொல்லையின் அந்தக் கோடியில் புதர் அசைந்தது. பெரிய பன்றி ஒன்று வெளியே வந்தது. ஆ சோங் துப்பாக்கியைத் தூக்கினார், என்னைப் பார்த்தார், இறக்கினார். பன்றி சாவகாசமாக ஒரு செடியைக் கவிழ்த்துக் கிழங்கைத் தின்றது. இரண்டாவது செடிக்குப் போனது.

"என்னடா வேடிக்கை பார்க்கிறீங்க? அது என் கிழங்கத் திங்குது!"

முகுந்தன் உதடு அசையாமல் சொன்னார். "அக்கா, மெதுவா. கவர்மென்ட் ஆளு நிக்கிறாரு."

பன்றி திரும்பிப் புதருக்குள் போனது. அக்கா நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். உரக்க வாசித்தார். "தோசை ரெண்டு, தே தாரே ஒன்னு. பெட்ரோல் ஸ்டேஷன் கழிவறை சுமார். மூவர் ரகசியம் பேசுகிறார்கள், கடத்தலாக இருக்கலாம்."

"கடத்தலா?" முகுந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க பேசுனது உங்களப் பத்தி லா! கழகத்து மேல எவனோ மொட்டக் கடுதாசி போட்டுட்டான், அத விசாரிக்க வந்திருக்கீங்கன்னு நினைச்சோம். மெய்ப்புப் பார்க்கிறேன்னா யாரு பாஸ் நம்புவா?"

"நீ இவரப் போலீஸ்னு நினைக்கிற. இவரு உன்னத் திருடன்னு நினைக்கிறாரு" என்றார் அக்கா. "அந்தப் பன்னி ஒன்னுதான் யாரையும் சந்தேகப்படாம சாப்பிட்டுப் போவுது."

பிஸ்கட் டின்னைத் திறந்து கைப்பேசிகளுக்கு மேல் என் நோட்டையும் பேனாவையும் வைத்து மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அப்போது மணி 10.40. அதுவரை முகுந்தனின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்துத்தான் குறித்துவந்தேன், இனிக் குறிக்க நோட்டு இல்லை. இதற்குமேல் இந்தப் பதிவில் நேரம் கிடையாது, மன்னிக்கவும்.

செம்மண் பாதையில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். நாய்களை மறுபக்கத்திலிருந்து புதருக்குள் விட்டார்கள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஐந்து நாய்களும் ஒரே இடத்தில் குரைத்தன, ஒரு வெடி, சற்றுப் பொறுத்து இன்னொன்று. விழுந்தது ஒரு பன்றி. மற்றவை ஓடையைத் தாண்டி ஓடிவிட்டன. விழுந்தது கிழங்கு தின்ற அதே பன்றிதானா என்று கேட்டேன். "அதுக்கும் ஐசி கார்டு கேப்பீங்களா?" என்றார் ஆ சோங்.

இறைச்சியை வாழையிலைகளில் சமமான கூறுகளாக வைத்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்டால், பார்க்காமலே பெயர் சொல்ல வேண்டும். யாருக்கும் சலுகை காட்ட முடியாத ஏற்பாடு. ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கும் இதுவே சான்று. அன்றைக்கு முதுகு காட்ட என்னை நிறுத்தினார்கள். வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் எனக்கும் ஒரு கூறு கட்டினார்கள்.

"பங்கு வாங்கிட்டா நீங்களும் உடந்தை" என்றார் முகுந்தன், பாதி சிரிப்போடு. மறுபாதி என்னவென்று தெரியவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: முழங்கால் வரை பூட்ஸ், அட்டைப்பூச்சிக்கு உப்பு, மாற்றுச் சட்டை. சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறச் சட்டை கட்டாயம். துப்பாக்கியைத் தொடாதீர்கள். பேனாவையும்தான். இந்தப் பதிவைச் செயலாளர் முன்கூட்டியே படித்து, ஊர்ப் பெயரையும் லோரி எண்ணையும் அடித்துவிட்டார். கடத்தல் சந்தேகத்தை விட்டுவைத்தார். நம் ஆட்கள் படித்துச் சிரிப்பார்களாம்.

வேட்டை முடிந்து பத்து நாள் கழித்து முகுந்தனே பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் நின்றார், கையில் ஒரு சாக்கோடு. லோரி வந்ததாம், மிஞ்சிய வரிசைகளில் பன்றி தின்ற இரண்டு செடி போக மற்றதெல்லாம் ஏறிவிட்டதாம், இது அக்கா கொடுத்தனுப்பியதாம். உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். மேசைமேல் கிடந்த நான்காம் வகுப்பு அறிவியல் மெய்ப்புத் தாள்களைப் புரட்டினார். நான் சிவப்பு மையில் திருத்தியிருந்த ஒரு பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப உண்மையிலேயே இதுதான் வேலையா, பாஸ்?"

"இதுதான்."

"ம்ம்" என்றார். நம்பவில்லை.

அவர் போனதும் கிழங்கை நிறுத்துப் பார்த்தேன். 3 கிலோ 200 கிராம். உடனே எழுதி வைத்துக்கொண்டேன்.