வயிறு கிழித்த மீன்

புத்தூர் மீன் கடையில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு என்றாலே விடிவதற்கு முன்பே கடையைத் திறந்துவிடுவோம். ஒரு மாதம் கவுச்சி தொடாத ஜனம் மொத்தமும் அன்று கடைக்கு வந்துவிடும். அதனால் சூளூர்பேட்டை வேனில் வருகிற கடல் மீனை முந்தின நாளே வாங்கி, முழுசாக ஐஸில் போட்டுவைப்போம். வயிறு கிழித்திருந்தால் பழைய மீன் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் தொடவே மாட்டார்கள். செவுள் சிவப்பாக இருக்கவேண்டும், வயிறு மூடியிருக்கவேண்டும்.

அப்படியொரு ஞாயிறு, வீட்டில் மாப்பிள்ளை விருந்து வைத்திருந்த பெரியவர் ஒருவர், வாங்கிப்போன பாறை மீனைத் திருப்பிக் கொண்டுவந்தார். மேசைமேல் மீன் துண்டு ஒன்றை வைத்தார். சதைக்குள் வெள்ளையாக ஒரு புழு சுருண்டு நெளிந்தது. வரிசை கலைந்தது. எல்லோரும் செல்போனை எடுத்தார்கள்.

முதலாளி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். மீன் வெட்டுகிற முனியம்மா சரியாகக் கழுவவில்லை, அவளை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது என்று பெரியவரிடம் சொல்லிவிடச் சொன்னார். முனியம்மா காதிலும் அது விழுந்தது. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் சம்பாத்தியத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுவினால் போகிற அழுக்கா அது?

பெரியவர் கத்தவில்லை. "இத உன் புள்ளைக்குக் குடுப்பியா நைனா?" என்றார்.

"இந்தத் துண்டக் குடுக்க மாட்டேங்க. கடல் மீனு கொடல்ல இந்தப் புழு இருக்கும். செத்த மீன கொடலோட வச்சிக்கினு இருந்தா சதைக்கு வந்துடும். வெட்ற அம்மா மேல தப்பு இல்ல. முழுசா வச்சி விக்கிறது கடைதான்."

நன்றாக வேகவைத்தால் புழு செத்துவிடும், அரைவேக்காட்டில்தான் ஆபத்து என்பதையும் சொன்னேன். ஆனாலும் அன்றைக்கு யாரும் மீன் வாங்கவில்லை.  முதலாளி முனியம்மாவைப் போகச் சொல்லவில்லை.

அடுத்த லோடிலிருந்து மீன் இறங்கியதுமே குடலை எடுத்துவிட்டு, வயிற்றுச் சதையை லைட்டில் பார்த்துத்தான் ஐஸில் வைத்தோம். கிழித்த வயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் நிறைய. விளக்கிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வந்ததும் குடலை எடுங்கள், புழு இருந்தால் புழு என்றே சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் தை மாதத்தில் மறுபடி வந்தார். செவுளைத் தொடவில்லை. கிழித்த வயிற்றை இரண்டு விரலால் விரித்து உள்ளே பார்த்தார். மீனை முனியம்மாவிடம் நீட்டினார்.

"நீயே வெட்டும்மா" என்றார்.