புகாரே வராத ஃபில்டர்

குவெக் சியூ நியோ எந்தப் பொருளையும் முதலில் நகத்தால்தான் பார்ப்பாள். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதையெல்லாம் கண் பிறகுதான் படிக்கும். ஃபில்டரின் மூடியை நடுவிரல் நகத்தால் தட்டுவாள். காதைக் கொஞ்சம் சாய்ப்பாள். "ஐஸ்கிரீம் டப்பா" என்பாள். அத்துடன் அந்தப் பொருளின் கதை முடிந்தது.

மலேசியாவின் பத்து பகாட் ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில் இருந்த மீன் தொட்டிக் கடையை அவளும் தம்பி பூன் லியாங்கும் நடத்தினார்கள். மீன் தம்பியின் பொறுப்பு. தொட்டி, பம்பு, விளக்கு, ஃபில்டர் எல்லாம் அக்காவுடையது. ஊரில் ராசிக்காக டிராகன் மீன் வளர்க்கும் தவுக்கேமார்கள் என்கிற முதலாளிகள், மீனைத் தம்பியிடம் சிரித்துப் பேசி வாங்குவார்கள், பிறகு அக்காவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "இந்த ஃபில்டர் பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். அவள் "ம்" என்றால் வாங்குவார்கள். உதட்டைப் பிதுக்கினால் வைத்துவிடுவார்கள். அவளுக்கு ஊரில் மரியாதை இருந்தது, பிரியம் இல்லை. அவளுக்கும் ஊர்மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது என்பதால் கணக்கு நேராகிவிட்டது.

கல்யாணப் பேச்சு ஒரே ஒருமுறை வந்தது. மூவாரில் காற்றுப் பம்பு மொத்த வியாபாரம் செய்கிறவன். பெண் பார்க்க வந்தபோது தன் சரக்கிலேயே ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தான். சியூ நியோ அதை அப்போதே மின்சாரத்தில் செருகி மேசைமேல் வைத்தாள். பெரியவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது நடுங்கி நடுங்கி நகர்ந்து, மேசை விளிம்பைத் தாண்டி விழுந்தது. "இத வித்துட்டு நிம்மதியாத் தூங்குறவரு கூட நான் எப்படி ஒரே வீட்டுல இருக்குறது?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அவள் மதித்த ஒரே பொருள் ஹோல்பெக் ஃபில்டர். அதுவும் பழையது. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைக்கிற, வாளி உயரத்துக்கு இருக்கும் சாதனம். தூக்கினால் தோள் இறங்கும். உள்ளே சுழலும் விசிறிக்குப் பீங்கான் அச்சு. மூடியின் கிளிப்பைப் போட்டால் பெட்டகக் கதவு மாதிரி சத்தம் வரும். பிறகு அந்தக் கம்பெனியை யாரோ வாங்கினார்கள். பெயர் அதே, பெட்டியின் நீல நிறம் அதே, பெட்டிக்குள் இருந்ததுதான் வேறு. மூடி மெலிந்தது. கிளிப், உருளைக்கிழங்கு வறுவல் போல முறிந்தது. ரப்பர் வளையம் தண்ணீரில் ஊறி உப்பியது. பீங்கான் அச்சு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குச்சி ஒன்று வந்தது. விலை மட்டும் மெலியவில்லை. சியூ நியோ வாங்கிவைத்த சிலவற்றை விற்றுத் தீர்த்ததும் உதட்டைப் பிதுக்கத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில்தான் ஃபெலிக்ஸ் தியோ ஜொகூர் பாருவிலிருந்து வந்தான். ஹோல்பெக்கின் விற்பனைப் பிரதிநிதி. வாசனைத் திரவியம் அவனுக்கு முன்னால் கடைக்குள் நுழைந்தது.

"மூவாரிலேருந்து குளுவாங் வரைக்கும் நீங்கதான் அக்கா எங்க ஏஜெண்டு. கடைக்கு மேல எங்க பேரு, விளக்குப் போட்டு. மத்த கம்பெனி ஃபில்டர் மட்டும் வைக்கக் கூடாது."

பூன் லியாங்கின் முகம் தொட்டி விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. சியூ நியோ மாதிரிக்குக் கொண்டுவந்த ஃபில்டரைத் தட்டினாள்.

"இது மேல எம்பேரா?"

"ஒங்க பேரு இல்லக்கா, எங்க பேரு."

"கேக்குறவங்ககிட்ட 'நல்லா இருக்கும்'னு சொல்லப்போறது யாரு? இந்த விளக்கா?"

ஃபெலிக்ஸ் சிரித்தான். "அக்கா, இந்த மாடலுக்கு ஜொகூர் முழுக்க ஒரு புகார்கூட வரல. தெரியுமா?"

அது உண்மைதான். அதற்குக் காரணமும் சியூ நியோவுக்குத் தெரியும். இந்த ஊரில் டிராகன் மீன் சும்மா சாகாது. வீட்டுக்காரருக்கு வரவேண்டிய கண்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு சாகும். மீன் செத்த வீட்டில் அழமாட்டார்கள், கும்பிடுவார்கள். கடைக்காரனைத் திட்டமாட்டார்கள், ஆரஞ்சுப் பழத்துடன் வந்து நன்றி சொல்லி, இன்னும் பெரிய மீனாக வாங்கிப்போவார்கள். அழுக்குத் தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகிற மீனுக்குக்கூட அதே மரியாதை.

"செத்த மீனுக்கு நன்றி சொல்ற ஊரு ஒலகத்துல வேற எங்கக்கா இருக்கு?" என்றான் பூன் லியாங், ஃபெலிக்ஸ் போன பிறகு. "இதுல போயி நீ பிளாஸ்டிக்கத் தட்டிக்கிட்டு நிக்கிற."

"நான் பொய் சொல்ல மாட்டேன்."

"யாரு பொய் சொல்லச் சொன்னா? ம்-ன்னு சொல்லு. ம்-ங்கிறது பொய்யா?"

கடை இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் அவள் சம்மதம் இல்லாமல் முடியாது. கடைசியில் தம்பியே ஒரு வழி சொன்னான். அவள் விற்ற புது ஹோல்பெக்குகள் ஊரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சீனப் புத்தாண்டுக்கு முன் ஒருவர், ஒரே ஒருவர், ஃபில்டர் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லட்டும். ஏஜென்சியை அவன் மறந்துவிடுவான். யாரும் சொல்லவில்லை என்றால் அவள் கையெழுத்துப் போட வேண்டும். கேட்கிறவர்களிடம் "ம்" சொல்லவும் வேண்டும்.

"ஒரு ஊரே முட்டாளா இருக்காது" என்று சியூ நியோ ஒப்புக்கொண்டாள். ஊரைப்பற்றி அவள் தவறாக உயர்வாக நினைத்தது அந்த ஒருமுறைதான்.

முதலில் தையல் கடை ஆங் வீட்டுக்குப் போனாள். கிளிப் முறிந்து கூடமெல்லாம் தண்ணீர். கம்பளம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா, ஃபில்டர் ஒழுகியிருக்கு" என்றாள்.

"நல்லதுதானே!" என்றார் ஆங். "வீட்டுக்குள்ள தண்ணி வந்தா பணம் வரும். எம்மவன் மறுநாளே லாட்டரி எடுத்தான்."

"விழுந்துச்சா?"

"இன்னும் இல்ல. வரும்."

அடுத்து, பேருந்து நிலையம் எதிரே வாத்து வறுவல் கடை வைத்திருக்கும் டான். அவர் வீட்டு ஃபில்டர், பல்லிடுக்கில் மணல் சிக்கியதுபோல் கரகரவென்று கத்தியது.

"சத்தம் தொந்தரவா இல்லையா, தவுக்கே?"

டான் கண்ணை மூடிக் கேட்டார். "உறுமுது பாரு. டிராகன் உறுமுனா எதிராளிக்கு ஆகாது. பக்கத்துல புதுசா வாத்துக் கடை போட்டான்ல, மூடிட்டான்."

சியூ நியோ நடந்தே கடைக்குத் திரும்பினாள். கோபம் முதலில் ஃபில்டர் செய்தவன்மேல் இருந்தது. பாதி வழியில் வாங்குகிறவர்கள்மேல் தாவிவிட்டது. அவன் குப்பையைச் செய்கிறான், சரி, அவனுக்கு லாபம். இவர்கள் அந்தக் குப்பைக்கு ஊதுபத்தி காட்டுகிறார்களே, இவர்களுக்கு என்ன? ஒழுகினால் பணம், கத்தினால் வெற்றி, மீனைக் கொன்றால் ஆயுசு. இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் கிடைத்தால் எந்தக் கம்பெனிதான் பீங்கானுக்குச் செலவு செய்யும்?

புத்தாண்டு நெருங்கியபோது பிஸ்கட் ஆலை சியா கிம் ஹுவாட் மனைவியுடன் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழக் கூடை. பின்னால் ஓட்டுநர் ஒரு பழைய துணியில் ஹோல்பெக்கைச் சுற்றித் தூக்கி வந்தார்.

"போயிடுச்சு" என்றார் சியா மகிழ்ச்சியாக. "என் சிவப்பு மீனு, எனக்காகப் போயிடுச்சு! யோங் பெங் தாண்டி டயர் வெடிச்சு, காரு மூணு சுத்து சுத்திச்சு. ஒரு கீறல் இல்ல. வீட்டுக்குப் போன் போட்டா, மீனு மெதக்குதாம். அதே நாளு!"

"ஆயுசுள்ள மனுஷன் தவுக்கே நீங்க" என்று பூன் லியாங் கூடையை வாங்கிக்கொண்டான். "அதவிடப் பெரிசா ஒண்ணு வந்திருக்கு, பாருங்க."

சியூ நியோவின் கண் துணி மூட்டையிலேயே இருந்தது. "ஃபில்டர எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"கழுவிக் குடு. புது மீனுக்கு இதையே வைக்கலாம்னு."

"அன்னிக்கு வீட்டுல கரண்டு போச்சா?"

சியாவின் மனைவிதான் யோசித்துச் சொன்னாள். "காலையில கொஞ்ச நேரம் போயி வந்துச்சு. ஏன்?"

சியூ நியோ ஃபில்டரை மேசைமேல் வைத்துத் திறந்தாள். நாற்றத்தில் ஓட்டுநர் வாசலுக்குப் போய்விட்டார். விசிறியை இழுத்தாள், வரவில்லை. இடுக்கியால் பிடித்துத் திருகியதும் வந்தது. பிளாஸ்டிக் அச்சு, எரிந்த மெழுகுவத்திபோல் வளைந்து விசிறியோடு ஒட்டியிருந்தது.

"இங்க பாருங்க. கரண்டு வந்ததும் மோட்டாருக்குச் சூடு ஏறியிருக்கு, விசிறி சுத்தல. சுத்தாத ஃபில்டருல தண்ணி விஷமாகும். அந்தத் தண்ணியிலதான் ஒங்க மீனு செத்துச்சு. இந்தக் குச்சி பீங்கானா இருந்திருந்தா இப்பவும் உயிரோட இருக்கும்."

சியா சிரித்துக்கொண்டேதான் இருந்தார். மனைவி சிரிக்கவில்லை.

"அப்ப... இவரு கண்டம்?" என்றாள்.

"கண்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. டயரு தேஞ்சிருக்கும், வெடிச்சிருக்கும்."

"மீனு இவருக்காகச் சாகலையா?"

"குச்சிக்காகச் செத்துச்சு."

"அப்ப அந்தக் கண்டம் இன்னும் போகலையா?" அவள் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் வரப்போகுதா?"

இப்போது சியாவின் சிரிப்பும் நின்றது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "புத்தாண்டு நேரத்துல என்ன பேச்சுப் பேசுற நீ? கழிஞ்சதத் திரும்ப எந்தலையில வைக்கிறியா?"

"ஒங்க தலையில யாரு என்னத்த வச்சா? மட்டமான ஃபில்டர வித்திருக்காங்கன்னு சொல்றேன். நாந்தான் வித்தேன். எம்மேல கோவப்படுங்க, கம்பெனி மேல புகார் குடுங்க."

"அக்கா" என்றான் பூன் லியாங், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சும்மா இருடா. தவுக்கே, ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. புகார்."

"புகார்தானே? குடுக்குறேன்!" சியா கைப்பேசியை எடுத்தார். ஃபெலிக்ஸின் எண்ணைச் சியூ நியோவே சொன்னாள். தம்பியைப் பார்க்கவும் செய்தாள். அவன் முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டான். சியா, அடுத்த கடைக்கும் கேட்கும் குரலில் பேசியபடியே மனைவியை இழுத்துக்கொண்டு வெளியேறினார். கார்க் கதவு மூடியதும் குரல் அறுந்தது.

"ஒண்ணு வந்துருச்சு" என்றாள் சியூ நியோ. "ஏஜென்சிய மறந்துரு."

மதியத்துக்குமேல் ஃபெலிக்ஸ் கூப்பிட்டான்.

"கம்பெனிக்கு வந்த முதல் புகார் ஒங்க கடைலேருந்துதான், அக்கா. ஏஜென்சிய மார்க்கெட் முனைக் கடைக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

"புகார்ல என்ன சொன்னாரு?"

"கடைக்காரம்மா அபசகுனமாப் பேசுறாங்கன்னு."

"ஃபில்டரப் பத்தி?"

"அதப் பத்திக் குறையே சொல்லல."

"சுத்தலயே! வளஞ்சுபோன குச்சியக் கண்ணால பாத்தாரே!"

"அதே மாடல்தான் வேணுமாம். மறுபடியும்." அவன் தொண்டையைச் செருமினான். "ராசியான ஃபில்டராம்."

சியூ நியோ தொலைபேசியை வைத்தாள். பூன் லியாங் எதிரே நின்று, ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏஜென்சி போச்சு" என்றாள்.

"புகார் ஒம்மேலதான வந்துச்சு? ஃபில்டர் மேல வரலயே. பந்தயத்துல நாந்தான் ஜெயிச்சேன்."

"ஜெயிச்சுக்க."

அவன் அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. அவளுக்கும் அது வசதியாக இருந்தது. அந்த மாதத்திலேயே மார்க்கெட் முனையில் நீல விளக்கு எரிந்தது. ஊர் அந்தப் பக்கம் சாய்ந்தது. போகிற வழியில் சிலர் பழக்கதோஷத்தில் இவள் கடைக்குள் எட்டிப் பார்த்து, அந்த ஃபில்டர் பரவாயில்லையா என்று கேட்டார்கள். சியூ நியோ உதட்டைப் பிதுக்கினாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, நேராகப் போய் அதையே வாங்கினார்கள்.